என் வீட்டுக்காரர் புழு எண்ணுகிறார்

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா யாராவது, வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், முன்பெல்லாம் ஷா ஆலமில், ஆராய்ச்சி மாதிரி, என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன். அவர் கூட இருந்தால் அதற்கும் வழியில்லை. யாரோ தன்னைத்தான் கேட்ட மாதிரி எட்டிப் பார்த்து, "மண்ணுல உள்ள புழு பூச்சி எண்ணுறேன் ஆன்டி" என்பார். அந்த ஆன்டி இலையில் வைத்த கேசரியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வார்.

என் பேர் தாமரை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறேன். கிள்ளானில் இருந்து கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். வீட்டுக்காரர் பேர் கமலநாதன். நான் கட்டிக்கொண்டபோது அவர் போர்ட் கிள்ளானில் லோரி கெலிண்டான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சரக்கை ஏற்றி இறக்குகிற வேலை. ஒரு மழை நாளில் அரிசி மூட்டையோடு வழுக்கி விழுந்ததில் இடுப்பு போயிற்று. இனிமேல் மூட்டை தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச காலம் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா இருக்கிற ஆம்பளையோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஷா ஆலமில் மண்ணைப் பரிசோதிக்கிற ஒரு குழுவுக்கு பிக்கப் ஓட்ட ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். போனார். குழுவின் தலைவி டாக்டர் நூருன்னிசா. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். அப்பா மீட்டர் மீட்டராகத் துணி அளக்க, மகள் மண்ணை அளக்க வந்துவிட்டார். முதல் நாள் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டிய இவர், எட்டிப் பார்த்தார், இறங்கினார், மண் உதிர்க்கிற தட்டைப் பிடித்தார். அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் விடவில்லை. இப்போது பிக்கப்பை வேறு ஆள் ஓட்டுகிறார்.

வேலை இதுதான். ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைப்பார்கள். சட்டத்துக்குள் கிடக்கிற காய்ந்த இலையை முதலில் அள்ளித் துணிப்பையில் போட்டுக்கொள்வார்கள். பிறகு அதே இடத்தில் மண்ணைக் கட்டியாக வெட்டியெடுத்து, வெள்ளைத் தட்டில் உதிர்த்து, மண்புழு, மரவட்டை, பூரான், கறையான், வண்டுப்புழு என்று கண்ணில் படுகிற எல்லாவற்றையும் பொறுக்கி எண்ணுவார்கள். ஆழத்தில் ஒளிந்திருக்கிற புழுவுக்குக் கடுகுத் தூள் கரைத்த தண்ணீர். காரம் தாங்காமல் மேலே வந்துவிடும். அள்ளிய இலையை ஒரு புனலில் போட்டு மேலே விளக்கை எரியவிட்டால், சூட்டுக்குப் பயந்து தூசி போல் இருக்கும் பூச்சிகள் கீழே இறங்கிப் போத்தலில் விழும். ஒரு தடவை ஆபீஸில் கரண்ட் இல்லை என்று அந்தப் புனலையும் விளக்கையும் என் அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டார். இந்தப் பக்கம் சாம்பார் கொதிக்கிறது, அந்தப் பக்கம் பூச்சி இறங்குகிறது. நான் ஆடிய ஆட்டத்தில் மறுநாளே தூக்கிக்கொண்டு போனார்.

இதை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்காமல் இருப்பேனா? கேட்டேன். ஒரு மண் உயிரோடு இருக்கிறதா, செத்துப்போயிற்றா என்று வேறு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார். விழுந்த இலையைச் சோறாக்கிச் செடிக்குக் கொடுப்பது அந்தப் பூச்சிகள்தானாம். புழு போட்ட ஓட்டை வழியாகத்தான் மழை உள்ளே இறங்குமாம். புழு இல்லாத மண்ணில் தண்ணீர் ஊற்றினால் சிமெண்டில் ஊற்றின மாதிரி ஓடிவிடும், புழு உள்ள மண் குடிக்கும் என்றார். எங்கள் பிளாட்டின் கீழ்த்தளத்தில் வெள்ளம் வந்து பாயையும் பிரிட்ஜையும் தூக்கிக்கொண்டு போன வருடத்துக்கு அப்புறம், அந்தப் பேச்சை நான் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

அவரிடம் ஒரு வியாதி உண்டு. பொய் வராது. நல்ல குணம்தானே என்று நினைப்பீர்கள். கூட வாழ்ந்து பார்த்தால் தெரியும். என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் நன்றாகச் சமைக்குமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். வீட்டில் எல்லாரும் தலையாட்டினோம். இவர் மட்டும், "இன்னும் கத்துக்கல. மேகி நல்லா போடும்" என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது என்றால் அது மாப்பிள்ளைக்கு மேகி பிடிக்கும் என்பதால்தான்.

இவரை வளர்த்தது இவருடைய அக்கா, வீரம்மா. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அக்கா ஒரு குத்தகைக்காரரிடம் சேர்ந்து கிள்ளான் தெருக்களைக் கூட்டிப் பெருக்கி, தம்பிக்குச் சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, என்னையும் பார்த்துக் கட்டிவைத்தார். தனக்கென்று ஒரு குடும்பம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பிளாட்டிலேயே கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். வேலை ஓய்ந்த பிறகு அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. பிளாட்டுக்குப் பின்னால் பெரிய லொங்காங் ஒன்று மழைத்தண்ணீரைக் கொண்டு போகும். அதற்கும் சாலைக்கும் நடுவில் இருந்த அரசாங்க நிலத்தில் உடைந்த சோபாவும் டயரும் கிடந்தன. அக்கா அதைத் தனியாளாகச் சுத்தம் பண்ண ஆரம்பித்தார். பார்த்துவிட்டு இன்னும் பல வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பாத்தி ஆயிற்று. நாங்களும் ஒன்று போட்டோம்.

சாலையோரத்து மூலை அக்காவுடையது. கங்கோங் கீரை, வாசனைப் புல்லான செராய், மரவள்ளி, ஒரு முருங்கை. காலையில் காப்பியைக் குடித்துவிட்டுப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். முட்டிவலியும் சர்க்கரையும் வீட்டுக்குள் இருக்கும்போதுதான். அந்த மூலைக்குப் போய்விட்டால் நடையே வேறு. அது இல்லாமல் போனால் அக்கா என்ன ஆவார் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

போன வருடம் அந்த நிலத்தில் தார் போட்டு லோரி நிறுத்துகிற இடமாக்கலாம் என்று பேச்சு வந்தது. துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் எங்கள் சாலையில் வரிசையாக நிற்பதும் உண்மைதான். பிளாட்வாசிகள் எல்லாரும் சேர்ந்து நகராண்மைக் கழகத்துக்கு மனு கொடுத்தோம். முடிவு எடுப்பதற்கு முன்னால் மண்ணைப் பரிசோதிக்கலாம் என்று மேலே ஒத்துக்கொண்டார்கள். உயிருள்ள நிலம், மழையைக் குடிக்கிற நிலம் என்று தெரிந்தால் தோட்டம் தப்பும். இல்லை என்றால் தார். பரிசோதிக்கிற வேலை டாக்டர் நூருன்னிசாவின் குழுவுக்கு வந்தது.

இவர் உடனே டாக்டரிடம் போய், அது என் அக்கா தோட்டம், என் பாத்தியும் இருக்கிறது, நான் எண்ணுவது சரியில்லை என்று சொல்லிவிட்டார். குழுவில் ஆள் குறைவு. நீங்கள் எண்ணியதை நான் இன்னொரு தடவை எண்ணிக்கொள்கிறேன் என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்ம ஆள் ஒருவர் உள்ளே இருந்தால் நல்லதுதானே? அக்காவுக்கு அதைவிடச் சந்தோஷம். தம்பி பார்த்துக்கொள்வான் என்று கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

குழு வருவதற்கு முன்னால் பிளாட்டின் லிஃப்ட் பக்கத்தில் மலாயில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நிலத்தின் ‘சாராப்’ அளக்கப்படும் என்று அதில் இருந்தது. மண் வேலைக்காரர்களுக்கு அந்தச் சொல் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலைதழையைக் குறிக்கும். நமக்கு அப்படியா? ஊரில் உள்ள எல்லாப் பலகையிலும் ‘சம்பா சாராப்’ போடாதே, போட்டால் அபராதம் என்றுதானே எழுதியிருக்கிறது? எங்களுக்குத் தெரிந்த சாராப் குப்பை ஒன்றுதான். இவர் வீட்டில் பேசும்போது சருகு என்றுதான் சொல்வார், அதனால் எனக்கும் தட்டுப்படவில்லை. அவரைக் கேட்கலாம் என்றால் அவர் குழுவோடு கேமரன் மலைக்குக் காய்கறித் தோட்டங்களை அளக்கப் போயிருந்தார், மலையில் போனும் கிடைக்கவில்லை.

பிளாட் சங்கத் தலைவர் ராஜன் நோட்டீஸை நின்று படித்துவிட்டு எல்லாருடைய போனுக்கும் குரல்பதிவு அனுப்பினார். "அதிகாரிங்க வந்து குப்பைய அளக்கப் போறாங்க. ஒரு இலை கிடந்தாலும் நம்ம தோட்டம் போச்சு. ஞாயித்துக்கிழம எல்லாரும் வந்துருங்க லா."

வந்தோம். ஒரு வீடு பாக்கியில்லை. ஊர் கூடி வேலை செய்கிற கோத்தோங் ரோயோங் என்றால் எங்கள் பிளாட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை, சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட ஒன்றாக வந்துவிடுவார்கள். மரத்தடியில் ஒரு சருகு விடாமல் வாரிக் கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பை லோரியில் ஏற்றினோம். புல்லை ஒட்ட வெட்டினோம். பாத்திகளின் மேல்மண்ணைக் கொத்திக் காயவிட்டோம். ஓரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். எல்லாரிலும் அக்காதான் முன்னால் நின்றார். தெருவெல்லாம் கூட்டிய கையில்லையா? அந்த மூலையைப் பெருக்கிய பிறகு அங்கே சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்தவர்கள் தோட்டம் தப்பிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

மறுநாள் குழு கேமரனில் இருந்து நேராக வந்து இறங்கியது. ராஜன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். டாக்டர் நூருன்னிசா தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சருகெல்லாம் எங்கே என்று கேட்டார். எல்லாம் கிளியர் பண்ணியாச்சு டாக்டர், ஒரு இலைகூடப் பார்க்க முடியாது என்றார் ராஜன். என் வீட்டுக்காரர் கையில் பிடித்திருந்த சட்டத்தோடு அப்படியே ஓரக் கல்லில் உட்கார்ந்தார். கால்சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

ஆனாலும் வந்த வேலையைச் செய்தார்கள். தட்டில் எறும்பு ஓடியது, வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. வெயிலில் காய்ந்த மண்ணை விட்டுப் புழு கடுகுத் தண்ணீருக்கும் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது, சருகோடு மற்றதெல்லாம் குப்பை லோரியில் போய்விட்டது. எல்லா மூலையிலும் மோசமாக வந்தது அக்காவின் மூலை. நன்றாகப் பெருக்கிய பலன். நோட்டீஸில் நேர்ந்த குழப்பம் டாக்டருக்குப் புரிந்தது. அந்தச் சொல்லை எழுதியது நாங்கள்தான், படிக்கிறவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று யோசிக்கவில்லை என்று வருத்தப்பட்டார். மேலே பேசி, முடிவு எடுக்கிற கூட்டத்துக்கு முன்னால் இன்னொரு முறை வர அனுமதி வாங்கினார். அதற்கு மேல் வாய்ப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு இவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஒன்றுதான். ஒன்றும் செய்யாதீர்கள். பெருக்காதீர்கள், கொத்தாதீர்கள், விழுகிற இலை விழுந்த இடத்தில் கிடக்கட்டும். எங்கள் ஆட்களிடம் எதையாவது செய்யச் சொன்னால் செய்வார்கள். செய்யாமல் இருக்கச் சொன்னால் கை துறுதுறுக்கும். அக்கா பாடு பெரும்பாடு. காலையில் மூலைக்குப் போவார், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சருகைப் பார்ப்பார், திரும்பி வருவார். மழை நன்றாகப் பெய்தது. மற்ற பாத்திகளில் மண் கறுத்து ஈரமாயிற்று, காளான்கூட வந்தது. அக்காவின் மூலையில் நிழல் இல்லை, மரமும் குறைவு, சுணங்கியது. உன் மூலையிலதான்க்கா புழு கம்மி, பார்க்கலாம் என்று இவர் ஒருநாள் வாயைத் திறந்து சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காதே.

இரண்டாவது முறை குழு வந்த அன்று நானும் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்தில் நின்றேன். தட்டுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. சிவப்பும் கறுப்புமாக மண்புழு, சுருண்டுகொள்ளும் மரவட்டை, பேர் தெரியாத எட்டுக்கால்கள். இவர் கடுகுத் தண்ணீர் ஊற்றினதைப் பார்த்து மூன்றாவது மாடி அம்மா ஒருவர், தோட்டத்துக்குத் திருஷ்டி கழிக்கிறீர்களா, அப்படியே மிளகாயும் உப்பும் போடுங்கள் என்று பால்கனியில் இருந்து யோசனை சொன்னார். இரும்பு வளையத்தை மண்ணில் அழுத்தித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். மண் மடக் மடக்கென்று குடித்தது. ராஜன் என்னிடம் வந்து, நம்ம ஜெயிச்சிட்டோம் போலிருக்கு அக்கா என்று காதோடு சொன்னார்.

கடைசியாக அக்காவின் மூலை. டாக்டர் அந்தப் பக்கம் ஒரு மரத்து நிழலில் போத்தல்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். இவர் மண்ணை வெட்டித் தட்டில் உதிர்த்தார். உதிர்த்த கை நின்றது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். தட்டு நிறையப் புழு. ஆனால் அதுகள் மண்புழு இல்லை. உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னக் கால்கள், எல்லாம் துவண்டு செத்துக்கொண்டிருந்தன. கடல் சேற்று வாசனை குப்பென்று அடித்தது. போர்ட் கிள்ளானில் தூண்டில் போட்டவர்கள் யாருக்கும் அது தெரியாமல் போகாது. மீனுக்கு மாட்டுகிற கடல் புழு.

இவர் தட்டோடு அக்காவிடம் போனார்.

"அக்கா, இது கடல் புழு."

"புழுதானேடா கேட்டாங்க," என்றார் அக்கா.

காலையில் முதல் ரயிலில் போர்ட் கிள்ளான் போய், தூண்டில் கடையில் நல்ல புழுவாகக் கேட்டு வாங்கி, அது கிடந்த உப்புச் சேற்றோடு சேர்த்தே மூலையில் கொட்டி மூடியிருக்கிறார். கடைக்காரர் இதுதான் உயர்ந்த ரகம் என்று சொன்னாராம். சொல்லும்போது அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை, மரவள்ளி இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றார். தெரு கூட்டிச் சம்பாதித்து ஒரு பொருள் திருடாத மனுஷி அவர்.

சாலையோரத்துச் சாக்கடை இரண்டு எட்டு தள்ளித்தான் இருந்தது. தட்டை அதில் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் வேறு மண் வெட்டினால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கவிழ்த்துடுங்க என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இவர் கேட்டாரா இல்லையா தெரியவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டாக்டர் இருந்த நிழலுக்கு நடந்தார்.

டாக்டர் தட்டைப் பார்த்தார், பிறகு தூரத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார். யார் போட்டது என்று அவர் கேட்கவே இல்லை.

"உப்பு இறங்கியிருக்கும். இந்த மூலைய கணக்குல சேர்க்க முடியாது அண்ணே."

"தெரியும் டாக்டர்," என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை. உங்களுக்கு நாக்கிலே சனி என்றேன். வளர்த்த கடனுக்கு இதுதானா கைம்மாறு என்றேன். சோறு போட்ட கையைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்து எந்த வாயால் சாப்பிடுவீர்கள் என்றும் கேட்டேன். கோபம் வந்தால் நான் கணக்குப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"அந்தத் தட்ட நான் மறைச்சிருந்தா, மத்த தட்டுல இருந்ததையும் நான்தானே எண்ணுனேன், அத எவன் நம்புவான்? எல்லார் பாத்தியும் போயிருக்கும் தாமரை," என்றார். சாப்பிடாமலே படுத்துவிட்டார். நான் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கூட்டம் நடந்தது. தோட்டத்தை விட்டுவிட்டார்கள், மழையைக் குடிக்கிற நிலம் என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். ஆனால் லோரிகளுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று, கணக்கில் வராத சாலையோரத் துண்டை எடுத்துக்கொண்டார்கள். அதில் இருந்த ஒரே பாத்தி அக்காவுடையது. பிளாட்டில் வடை பாயாசத்தோடு கொண்டாடினார்கள். அக்கா வந்து வாழ்த்திவிட்டு, சர்க்கரை என்று சொல்லிப் பாயாசம் குடிக்காமல் போய்விட்டார். தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண்டால் சாப்பிட்டியா என்று கேட்பார், அவ்வளவுதான். அந்த மூலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். காலையில் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முட்டிவலி கூடிவிட்டது என்றார்.

எங்கள் பாத்தியில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். வேண்டாம் என்றார். மழையில் உப்பு அலசிப் போகும் என்று இவர் காத்திருந்தார். தார் போட ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், டாக்டரிடம் கேட்டுவிட்டு, அக்காவின் மூலை மண்ணை மேலடுக்கோடு கட்டி கட்டியாக வெட்ட ஆரம்பித்தார். மண்ணை இடம் மாற்றினால் உயிர் தங்குமா என்று கேட்டதற்கு, தங்கலாம், தங்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூட்டை தூக்கக்கூடாத மனிதர், சாக்கைத் தோளில் வைத்ததைப் பார்த்ததும் நான் கத்திய கத்தலில் ராஜன் ஓடிவந்தார். பிறகு பிளாட்டே வந்தது. அடிமண் கீழே, மேல்மண் மேலே என்று வரிசை மாறாமல் எங்கள் பாத்தியில் பாதியில் இறக்கினோம். கங்கோங்கும் செராயும் கூடவே வந்தன. அக்கா ஜன்னலில் நின்று பார்த்தார். வெளியே வரவில்லை.

இப்போது அந்த மூலையில் லோரி நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கொண்டுவந்து போட்ட மண்ணை எண்ணிப் பார்க்கலாம் என்று இவர் சட்டத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போனார். நான் டீ கொண்டு போனேன். அக்கா தானாகவே வந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சும்மா பார்க்க வந்தேன் என்றார். இவர் மண்வெட்டியைப் பிடித்திருந்த விதத்தில் இருந்தே எனக்குத் தெரிந்தது, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

வெட்டினார், தட்டில் உதிர்த்தார். எறும்பு இருந்தது. மரவட்டை இருந்தது. வெள்ளைப் பொடி போல ஏதோ துள்ளி ஓடியது. மண்புழுதான் இல்லை. இருந்த பெரிய புழுக்கள் இடம் மாறியதைத் தாங்கவில்லை போலிருக்கிறது. கட்டியை இன்னும் உடைத்தார். விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவுடா இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"நெறையா இருக்குக்கா."

நான் டீயைக் கீழே வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வாயில் இருந்து நான் கேட்ட முதல் பொய் அது. சொல்லத் தெரியாமல் சொன்னார், காது இரண்டும் சிவந்து போயிருந்தது. பேனாவை எடுத்தவர் எழுதவும் முடியாமல் மூடவும் முடியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அக்கா கையை நீட்டித் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு ஈர்க்குச்சியால் மண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நூலாட்டம் குட்டிப்புழு மூணுதான் இருக்கு," என்றார். "மூணுன்னு எழுதுடா."

இவர் அக்காவைப் பார்த்தார். பிறகு மூன்று என்று எழுதினார்.